எஸ்டிபிஎம்: ஆறாம் படிவத்தில் எந்தப் பாடங்களை எடுப்பது? பதிவு நாளுக்கு முன் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

எஸ்பிஎம் முடிவு வந்துவிட்டது. ஆறாம் படிவத்துக்கு இடமும் கிடைத்துவிட்டது. பதிவு நாளன்று ஜார்ஜ்டவுனில் ஏதோ ஒரு பள்ளி மண்டபத்தில் அம்மாவோடோ அப்பாவோடோ உட்கார்ந்திருக்கிறீர்கள். கையில் ஒரு தாள். அதில் நான்கைந்து பாடத் தொகுப்புகள். "எது வேணும்னு டிக் பண்ணுங்க" என்கிறார் ஆசிரியர். பக்கத்தில் இருக்கும் நண்பர் எதை டிக் பண்ணுகிறார் என்று எட்டிப் பார்க்கிறீர்கள்.

அந்த ஒரு டிக், ஒன்றரை ஆண்டு கழித்து எந்தப் பல்கலைக்கழகப் படிப்புக்கு நீங்கள் விண்ணப்பிக்க முடியும், எதற்கு முடியாது என்பதைத் தீர்மானித்துவிடும். மதிப்பெண் குறைந்ததால் ஒரு படிப்பு கிடைக்காமல் போவது வேறு. தேவையான பாடத்தையே எடுக்காததால் விண்ணப்பிக்கவே முடியாமல் போவது வேறு. இரண்டாவதை நாம் முன்கூட்டியே தவிர்க்கலாம்.

எப்படி என்று பார்ப்போம்.

எஸ்டிபிஎம் எப்படி இயங்குகிறது?

எஸ்டிபிஎம் தேர்வை நடத்துவது மலேசியத் தேர்வு மன்றம். பழைய எச்எஸ்சி தேர்வுக்குப் பதிலாக 1982-ல் இது வந்தது. அதன் பிறகு பல ஆண்டுகள் எல்லாமே கடைசித் தேர்வில்தான். இரண்டு வருடம் படித்ததை ஒரே மூச்சில் எழுத வேண்டும்.

2012-ல் அது மாறியது. இப்போது ஒன்றரை ஆண்டு, மூன்று பருவங்கள். ஒவ்வொரு பருவத்தின் முடிவிலும் தேர்வு. அத்துடன் பள்ளி அளவிலான மதிப்பீடும் உண்டு: அறிவியல் பாடங்களுக்குச் செய்முறை, மற்றவற்றுக்கு இடுபணி. முதல் பருவத்தில் சறுக்கினால் அந்தத் தாளை மறுபடியும் எழுதி மதிப்பெண்ணை உயர்த்திக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது.

குறைந்தது நான்கு பாடங்கள் எடுக்க வேண்டும். அதிகபட்சம் ஐந்து. அவற்றில் ஒன்று எல்லாருக்கும் கட்டாயம்: பெங்காஜியான் அம், அதாவது பொதுப் பாடம். ஆக, நீங்கள் உண்மையில் தேர்ந்தெடுப்பது மூன்று அல்லது நான்கு பாடங்களைத்தான். நான்கோடு நிற்பவர்களே அதிகம். ஐந்து எடுத்தாலும் சிஜிபிஏ நான்கு பாடங்களை வைத்துத்தான் கணக்கிடப்படும்.

மூவெட் ஆங்கிலத் தேர்வு இதில் சேராது. அது தனி. ஆனால் அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்குப் போக அதுவும் வேண்டும்.

தொகுப்பா, பாடமா?

காகிதத்தில் பார்த்தால் எஸ்டிபிஎம்மில் இருபதுக்கும் மேற்பட்ட பாடங்கள் இருக்கின்றன. இயற்பியல், வேதியியல், உயிரியல், இரண்டு வகைக் கணிதம், பொருளியல், வணிகவியல், கணக்கியல், வரலாறு, புவியியல், மலாய் மொழி, ஆங்கில இலக்கியம், தகவல் தொழில்நுட்பம், காட்சிக் கலை, விளையாட்டு அறிவியல்... நம் தமிழும் உண்டு.

ஆனால் எந்தப் பள்ளியிலும் இவை எல்லாம் கிடைக்காது. எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இருக்கிறார், எத்தனை மாணவர்கள் கேட்கிறார்கள், கால அட்டவணையில் எது எதோடு மோதுகிறது என்று பார்த்துத்தான் பள்ளி தன் தொகுப்புகளை அமைக்கிறது. அதனால் பினாங்கில் "எந்தப் பாடம்" என்ற கேள்வியும் "எந்தப் பள்ளி" என்ற கேள்வியும் ஒன்றுதான்.

ஆறாம் படிவம் மூன்று வடிவங்களில் நடக்கிறது. முதல் வடிவம், ஆறாம் படிவத்துக்கு மட்டுமேயான தனிக் கல்லூரி. ஜார்ஜ்டவுனில் ஹாஜி சைனுல் அபிடின் ஆறாம் படிவக் கல்லூரி அப்படிப்பட்டது. இரண்டாவது, இடைநிலைப்பள்ளி வளாகத்திலேயே தனிக் கட்டடம். மூன்றாவது, மற்ற படிவ மாணவர்களோடு ஒரே கட்டடம். பொதுவாக மாணவர்கள் அதிகம் சேரும் இடத்தில் தொகுப்புகளும் அதிகம் இருக்கும். 1816-ல் தொடங்கிய பினாங்கு ஃப்ரீ ஸ்கூல் போன்ற பழைய பள்ளிகளுக்குப் பெயர் இருக்கிறது, பாரம்பரியம் இருக்கிறது. ஆனால் பெயரைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். உங்களுக்கு வேண்டிய பாடம் அங்கே இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

இடம் கிடைத்த பள்ளியில் உங்கள் பாடம் இல்லையென்றால், பள்ளி மாற்றத்துக்கு விண்ணப்பிக்கலாம். அதைச் சேர்ந்த முதல் சில நாட்களுக்குள் செய்வது நல்லது. முதல் பருவத் தேர்வு சில மாதங்களிலேயே வந்துவிடும். ஆறு வாரம் கழித்து மாறினால், அந்த ஆறு வாரப் பாடத்தை யார் உங்களுக்கு நடத்துவது?

அறிவியல் துறை: இயற்பியலா, உயிரியலா?

அறிவியல் மாணவர்களுக்குப் பெரும்பாலும் வேதியியலும் கணிதம் டி-யும் நிச்சயம். பொதுப் பாடம் கட்டாயம். மீதி ஒரே ஓர் இடம். அதில் இயற்பியலா, உயிரியலா? மிகப் பெரிய முடிவு இதுதான்.

உயிரியல் எடுத்தால் மருத்துவம், பல் மருத்துவம், மருந்தியல், உயிர்த்தொழில்நுட்பம், சுகாதார அறிவியல் பக்கம் கதவு திறந்திருக்கும். மருத்துவத்துக்குப் பொதுவாகக் கேட்பது உயிரியல், வேதியியல், அத்துடன் இயற்பியல் அல்லது கணிதம். ஆக, இயற்பியல் இல்லாமலும் மருத்துவம் போகலாம். உயிரியல் இல்லாமல் முடியாது.

இயற்பியல் எடுத்தால் மின்னியல், இயந்திரவியல், கட்டுமானம் போன்ற பொறியியல் துறைகள் திறக்கும். இவற்றுக்குக் கணிதம் டி-யும் இயற்பியலும் அடிப்படை.

பினாங்கில் இருப்பவர்களுக்கு இந்த இரண்டாவது வழி கண்ணெதிரே தெரியும். பாயான் லெப்பாஸ் தொழில் வட்டாரம் 1972-ல் தொடங்கியது. இன்டெல் தன் முதல் வெளிநாட்டுத் தொழிற்சாலையை அங்கேதான் அமைத்தது. அரை நூற்றாண்டு கடந்தும் அந்த வட்டாரம் சிப் துறையின் முக்கிய மையமாக இருக்கிறது. 2024 மே மாதம் அரசாங்கம் அறிவித்த தேசிய செமிகண்டக்டர் வியூகம், 60,000 பொறியியலாளர்களை உருவாக்குவதை ஓர் இலக்காக வைத்தது. நம் பெற்றோரில், தாத்தா பாட்டியில் பலர் அந்தத் தொழிற்சாலைகளில் ஷிஃப்ட் வேலை பார்த்தவர்கள். அதே கட்டடத்துக்குள் பொறியியலாளராக நுழைய வேண்டுமென்றால், அந்த வழி இயற்பியலில் தொடங்குகிறது.

"ரெண்டையும் எடுத்தா என்ன?" என்று கேட்கலாம். எடுக்கலாம். இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம் டி, பொதுப் பாடம் என்று ஐந்து. ஆனால் மூன்று செய்முறைப் பாடங்கள், மூன்று பருவங்கள், இடையில் மூவெட், அதோடு புறப்பாட நடவடிக்கை. இன்னும் எதுவும் முடிவாகவில்லை, ஆனால் எஸ்பிஎம்மில் அறிவியல் பாடங்கள் நன்றாகவே வந்தன என்பவர்களுக்கு இது பொருந்தும். ஏற்கெனவே கூடுதல் கணிதத்தில் திணறியவர்களுக்கு இது சுமை.

முடிவெடுக்க முடியவில்லையா? பாடத்திட்டத்தைத் திறந்து பாருங்கள். இயற்பியலின் முதல் பருவம் இயக்கவியலும் வெப்ப இயக்கவியலும். இரண்டாம் பருவம் மின்சாரமும் காந்தவியலும். உயிரியலில் முதல் பருவம் உயிர் மூலக்கூறுகள், வளர்சிதை மாற்றம், பிறகு உடலியல், கடைசியில் சூழலியல், மரபியல். இவற்றில் எதை இரவு பத்து மணிக்கு உட்கார்ந்து படிக்க உங்களுக்கு மனம் வரும்? அந்தக் கேள்விக்கு உங்களிடம் ஏற்கெனவே பதில் இருக்கும்.

கணிதம் டி-யா, எம்-மா?

இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும். டி என்பது முதல் பருவத்தில் இயற்கணிதமும் வடிவியலும், இரண்டாவதில் நுண்கணிதம், மூன்றாவதில் புள்ளியியல். பொறியியல், இயல் அறிவியல், ஆக்சுவரி, கணிதப் பட்டம் என்று யோசிப்பவர்கள் டி எடுக்க வேண்டும். எம் என்பது வணிகத்தையும் சமூகவியலையும் ஒட்டியது. அதில் நிதிக் கணிதம் இருக்கிறது. கணக்கியல், வணிகம், பொருளியல் போகிறவர்களுக்கு அது உதவும்.

"எம் ஈஸி" என்று யாராவது சொன்னால், எதற்கு ஈஸி என்று திருப்பிக் கேளுங்கள். பொறியியலுக்கு எம் பயன்படாது.

சமூகவியல் துறை: "அறிவியல் கிடைக்காதவங்க போற இடமா?"

இல்லை. இந்தப் பேச்சை நம் வீடுகளில் இன்னும் கேட்கிறோம். ஆனால் சட்டம், கணக்கியல், பொருளியல், தகவல் தொடர்பு, உளவியல், ஆசிரியர் கல்வி, அனைத்துலக உறவு ஆகியவற்றுக்கு இந்த வழியாகப் போகிறவர்கள் ஏராளம்.

இங்கே சுதந்திரம் கொஞ்சம் அதிகம். சட்டத்துக்குக் குறிப்பிட்ட ஒரு பாடம்தான் வேண்டும் என்பதில்லை. நல்ல சிஜிபிஏ, உயர்ந்த மூவெட் பேண்ட், இவைதான் முக்கியம். கணக்கியல், நிதி, பொருளியல் பக்கம் போக நினைத்தால் கணிதத்தைக் கைவிடாதீர்கள். பொருளியல், கணக்கியல், கணிதம் எம், பொதுப் பாடம் என்பது பலமான கூட்டணி. வரலாறு, புவியியல், வணிகவியல், மலாய் மொழி போன்ற பாடங்களில் மலாயில் நீண்ட கட்டுரைகள் எழுத வேண்டியிருக்கும். எஸ்பிஎம் மலாய் கட்டுரையில் உங்கள் நிலை என்ன என்பதை வைத்து இதை எடைபோடுங்கள். அறிவியல், கணிதக் கேள்வித்தாள்கள் இருமொழியில் வரும் என்பதால் அங்கே இந்தப் பிரச்சினை குறைவு.

தமிழை எடுக்கலாமா?

எடுக்கலாம். அது முழு மதிப்புள்ள எஸ்டிபிஎம் பாடம். தமிழில் பெறும் ஏ, இயற்பியலில் பெறும் ஏ போலவே சிஜிபிஏ-வில் 4.00 தான்.

யாருக்கு இது நேரடியாகப் பயன்படும்? மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்கோ, தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தில் தமிழ்க் கல்விக்கோ போக நினைப்பவர்களுக்கு. ஊடகம், மொழிபெயர்ப்பு, எழுத்து என்று யோசிப்பவர்களுக்கும்தான். தமிழில் செய்தி எழுதத் தெரிந்த, மலாயும் ஆங்கிலமும் தெரிந்த ஆள் கிடைப்பது எவ்வளவு சிரமம் என்று எங்கள் செய்தி அறையைக் கேட்டால் சொல்வோம்.

சிக்கல் வேறு இடத்தில். எல்லாப் பள்ளிகளிலும் தமிழ் வகுப்பு இருக்காது. ஆசிரியர் இல்லாமல் தனியாகப் படித்து எழுதுவது எளிதல்ல. இலக்கணமும் இலக்கியமும் சேர்ந்த பாடம் இது. வீட்டில் தமிழ் பேசுவதால் மட்டும் வந்துவிடாது. அதனால் பதிவுக்கு முன்பே பள்ளியிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: தமிழ் ஆசிரியர் இருக்கிறாரா? வகுப்பு பள்ளி நேரத்திலா, வெளியிலா? இந்த ஆண்டு எத்தனை பேர் எடுக்கிறார்கள்? நாலைந்து பேர் சேர்ந்து கேட்டால், ஒருவர் தனியாகக் கேட்பதைவிடப் பலன் இருக்கும்.

பலர் அலட்சியப்படுத்தும் பாடம்: பெங்காஜியான் அம்

"அது பொது அறிவுதானே, கடைசி வாரம் பார்த்துக்கலாம்." இந்த நினைப்பு எவ்வளவு விலை வைக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

எஸ்டிபிஎம்மில் ஏ என்றால் 4.00. ஏ மைனஸ் 3.67. பி பிளஸ் 3.33. பி 3.00. சி என்றால் 2.00. நான்கு பாடங்களின் சராசரிதான் சிஜிபிஏ.

ஒரு மாணவி வேதியியலில் ஏ மைனஸ், கணிதத்தில் பி பிளஸ், உயிரியலில் பி வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 10.00. பொதுப் பாடத்தில் ஏ எடுத்தால் மொத்தம் 14.00, சிஜிபிஏ 3.50. அதே பொதுப் பாடத்தில் சி எடுத்தால் மொத்தம் 12.00, சிஜிபிஏ 3.00. மற்ற மூன்று பாடங்களில் ஒரு புள்ளிகூட மாறவில்லை.

இதை யூபியு விண்ணப்பத்தின் மெரிட் கணக்கில் போடுங்கள். மெரிட்டில் 90 விழுக்காடு தேர்வு முடிவு, 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கை. 3.50 எடுத்தவருக்கு 90-க்கு 78.75. 3.00 எடுத்தவருக்கு 67.50. இடைவெளி 11.25. புறப்பாடத்துக்கு மொத்தமே 10 தான் என்பதால், அதில் முழு மதிப்பெண் வாங்கினாலும் இந்த இடைவெளியை நிரப்ப முடியாது.

இன்னொன்றும் இருக்கிறது. அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கான பொதுத் தகுதியே, சிஜிபிஏ 2.00-உடன் பொதுப் பாடத்திலும் வேறு இரண்டு பாடங்களிலும் குறைந்தது சி வாங்குவதுதான். எஸ்பிஎம்மில் மலாய் மொழியில் கிரெடிட், வரலாற்றில் தேர்ச்சி, கூடவே மூவெட் ஆகியவையும் வேண்டும். பொதுப் பாடத்தில் சி-க்குக் கீழே போனால், மற்ற பாடங்களில் ஏ இருந்தும் பயன் இல்லை.

மெட்ரிகுலேஷன் கிடைத்தால்?

பல வீடுகளில் உண்மையான குழப்பம் இதுதான். மெட்ரிகுலேஷன் பெரும்பாலானோருக்கு ஒரே ஆண்டு. பினாங்கில் அதன் கல்லூரி கெப்பாளா பத்தாஸில் இருக்கிறது. ஆனால் எந்த மாநிலக் கல்லூரியில் வேண்டுமானாலும் இடம் கிடைக்கலாம். இடங்களில் 90 விழுக்காடு பூமிபுத்ரா மாணவர்களுக்கு, 10 விழுக்காடு மற்றவர்களுக்கு. 2019-ல் மொத்த இடங்களை 25,000-லிருந்து 40,000 ஆக உயர்த்தியபோதும் இந்த விகிதம் மாறவில்லை. 2024 ஜூன் மாத இறுதியில், எஸ்பிஎம்மில் 10ஏ-வும் அதற்கு மேலும் எடுத்த எல்லா இன மாணவர்களுக்கும் மெட்ரிகுலேஷன் இடம் உறுதி என்று பிரதமர் அன்வார் இப்ராஹிம் அறிவித்தார். மறு ஆண்டு, ஏ மைனஸ் அந்தக் கணக்கில் சேராது என்றபோது பலர் ஏமாந்தார்கள்.

எஸ்டிபிஎம்மில் இன ஒதுக்கீடு கிடையாது. கட்டணச் சுமையும் மிகக் குறைவு. வீட்டிலிருந்தே போய் வரலாம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களும் இதை ஏற்கின்றன. ஆனால் காலம் ஆறு மாதம் கூடுதல், பாடமும் ஆழம். மெட்ரிகுலேஷனில் இடம் வந்து, அதன் பாடத் தொகுப்பு நீங்கள் விரும்பும் பட்டப்படிப்புக்குப் பொருந்தினால், போவது நியாயமான முடிவு. வரவில்லை என்றால் அது தோல்வி இல்லை. மேல்முறையீட்டு முடிவுக்காக வீட்டில் காத்திருக்காமல் ஆறாம் படிவத்தில் சேர்ந்துவிடுங்கள். முடிவு சாதகமாக வந்தால் அப்போது மாறிக்கொள்ளலாம். வராவிட்டால் ஒரு பாடமும் தவறியிருக்காது.

4.00 எடுத்தால் எல்லாம் கிடைத்துவிடுமா?

நேர்மையாகச் சொன்னால், இல்லை. 2004-ல் எஸ்டிபிஎம்மில் 4.00 எடுத்த 128 மாணவர்களுக்கு அவர்கள் கேட்ட மருத்துவ இடம் முதலில் கிடைக்கவில்லை. நாடே அதைப் பேசியது. 2025-லும், 4.00 எடுத்த ஒரு மாணவருக்குக் கேட்ட கணக்கியல் படிப்பு கிடைக்காதது பெரிய விவாதமானது. இதில் நியாயம் எது என்பது நாடு தொடர்ந்து விவாதிக்க வேண்டிய விஷயம். ஆனால் இன்று பாடம் தேர்ந்தெடுக்கும் உங்களுக்கு இதிலிருந்து ஒரு வேலை இருக்கிறது: உங்கள் பாடத் தொகுப்பு ஒரே ஒரு படிப்பை மட்டும் நம்பி இருக்கக் கூடாது.

மருத்துவம்தான் ஆசை என்றால், அதே பாடங்களை வைத்து நீங்கள் மனதார ஏற்கக்கூடிய இன்னும் இரண்டு படிப்புகளை எழுதிப் பாருங்கள். மருந்தியலா? கெலுகோரில் இருக்கும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில்தான் நாட்டின் முதல் மருந்தியல் பட்டப்படிப்பு தொடங்கியது. உங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம். அப்படி எதையும் எழுத முடியவில்லை என்றால், தொகுப்பை மறுபடி யோசிக்க வேண்டும்.

பதிவு நாளுக்கு முன் செய்ய வேண்டியவை

• பிடித்த மூன்று பட்டப்படிப்புகளை எழுதுங்கள். யூபியு தளத்தில் ஒவ்வொன்றுக்கும் உள்ள சிறப்புத் தகுதியைப் படியுங்கள். எஸ்டிபிஎம் பாடங்களோடு எஸ்பிஎம் பாடங்களும் அங்கே கேட்கப்படும்.

• மூன்றுக்கும் பொதுவான பாடங்களை வட்டமிடுங்கள். அவை உங்கள் தொகுப்பில் கட்டாயம் இருக்க வேண்டும்.

• அந்தப் பாடங்களில் உங்கள் எஸ்பிஎம் முடிவைப் பாருங்கள். வட்டமிட்ட பாடத்தில் முடிவு பலவீனமாக இருந்தால், "கஷ்டப்பட்டு ஏத்திடலாம்" என்பதற்கு ஒரு திட்டம் இருக்கிறதா என்று உங்களையே கேளுங்கள்.

• பள்ளிக்கு ஒரு போன் செய்து தொகுப்புகளைக் கேளுங்கள். ஆலோசக ஆசிரியரைப் பாருங்கள். அதே பள்ளியில் இப்போது படிக்கும் ஓர் அக்காவையோ அண்ணனையோ பிடித்துப் பேசுங்கள். எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் பாதியில் மாறினார் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும்.

• மூவெட்டைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். ஆண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை நடக்கிறது. முதல் முயற்சியைச் சீக்கிரம் எழுதினால், பேண்டை உயர்த்த இரண்டாவது வாய்ப்பு இருக்கும்.

• முதல் வாரத்திலேயே ஒரு கழகத்தில் சேருங்கள். அந்தப் 10 விழுக்காடு ஒன்றரை ஆண்டில் சேர வேண்டியது.

வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை என்றால்?

அப்பா பொறியியல் என்கிறார், நீங்கள் உயிரியல் என்கிறீர்கள். அல்லது அம்மா டாக்டர் என்கிறார், நீங்கள் சட்டம் என்கிறீர்கள். சண்டை போடுவதற்கு முன் மேலே சொன்ன தாளைத் தயார் செய்யுங்கள். மூன்று படிப்புகள், தேவையான பாடங்கள், உங்கள் முடிவுகள், அந்தத் துறையில் என்ன வேலை இருக்கிறது என்பவை ஒரே பக்கத்தில் இருக்கட்டும். "எனக்கு அது பிடிக்கல" என்பதைப் பெற்றோரால் எளிதாக மறுக்க முடியும். தாளில் இருக்கும் கணக்கை உட்கார்ந்து படித்துத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

அப்படிப் படிக்கும்போது அவர்கள் சொல்வதிலும் ஏதாவது உண்மை இருக்கலாம். அதையும் அந்தத் தாளிலேயே குறித்துக்கொள்ளுங்கள். பதிவு நாளன்று மண்டபத்துக்குப் போகும்போது அதைக் கையோடு எடுத்துப் போங்கள். பக்கத்து நாற்காலியில் இருப்பவர் எதை டிக் பண்ணுகிறார் என்று எட்டிப் பார்க்கத் தேவை இருக்காது.